கூரைக்குள் டென்னிஸ்: காற்றும் மழையும் விலகினால் ஆட்டம் எப்படி மாறுகிறது?

வடகிழக்குப் பருவமழை குமரி மாவட்டத்தில் இறங்கி, திறந்தவெளி ஆடுகளங்களில் தண்ணீர் கட்டத் தொடங்கும் அக்டோபர் கடைசி வாரத்தில், பாரிஸ் நகரத்தை ஒட்டி ஆண்களுக்கான தொழில்முறை டென்னிஸ் போட்டி ஒன்று முழுக்க முழுக்கக் கூரைக்குள் நடக்கிறது. விம்பிள்டன் போன்ற கிராண்ட் ஸ்லாம் போட்டிகளுக்கு அடுத்த வரிசையில், ஆண்டுக்கு ஒன்பது மாஸ்டர்ஸ் 1000 போட்டிகள் உண்டு. அவற்றில் உள்ளரங்கில் நடப்பது இது ஒன்றுதான். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிடுவதால், பாரிஸில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தைப் பார்க்க நாகர்கோவில்காரர் 11.30 மணிக்கு விழித்திருக்க வேண்டும். அப்படி விழித்திருந்து பார்ப்பவருக்கு ஒரு கேள்வி எழாமல் போகாது. மே மாதம் இதே பாரிஸின் செம்மண் தரையில் யாராலும் அசைக்க முடியாதவராகத் தெரிந்த வீரர், ஆறு மாதம் கழித்து அதே நகரின் கூரைக்குள் வந்ததும் ஏன் தடுமாறுகிறார்? களைப்பு என்பது ஒரு விடை; ஆனால் அது சிறிய விடை. பெரிய விடை, கூரை ஆட்டத்திலிருந்து எதையெல்லாம் எடுத்துவிடுகிறது என்பதில் இருக்கிறது.

குமரி மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த விடையின் ஒரு பகுதி ஏற்கெனவே தெரியும். தென்மேற்குப் பருவக்காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலைச் சுற்றிக் காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்றன. அந்தக் காற்றில் டென்னிஸ் பந்தைத் தலைக்கு மேலே எறிந்து சர்வ் அடித்துப் பார்த்தவருக்குச் சிக்கல் உடனே விளங்கிவிடும். பந்து கையை விட்டு மேலே போய், இறங்கும் வேளையில் மட்டையைச் சந்திப்பதற்குள் சுமார் ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடிக்குள் காற்று அதை ஒரு சாண் தள்ளிவிட்டாலும் முழு வீச்சில் அடிக்க முடியாது. ஆகவே திறந்தவெளியில் ஆடும் வீரர் பந்தைச் சற்றுத் தாழ்வாக எறிகிறார், வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார், கோட்டை ஒட்டிக் குறிவைக்காமல் உள்ளே தள்ளிப் போடுகிறார். காற்றோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஒரு பக்கத்திலிருந்து சர்வ் அடிக்கும்போது சூரியன் நேரே கண்ணில் விழும். பக்கம் மாறினால் முதுகில் விழும். பந்தின் மேலுள்ள கம்பளி ஈரத்தை உறிஞ்சினால் பந்து கனத்து மெதுவாகும். வெயிலில் சூடேறினால் துள்ளல் கூடும். திறந்தவெளி டென்னிஸ் என்பது எதிராளியோடு ஆடும் ஆட்டம் மட்டுமல்ல, இந்த மாற்றங்களோடும் ஓயாமல் ஆடும் ஆட்டம்.

கூரை இவை அனைத்தையும் ஒரே வீச்சில் அகற்றிவிடுகிறது. வெளிச்சம் மாறுவதில்லை, வெப்பநிலை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது, காற்று அசைவதே இல்லை. எறிந்த பந்து எறிந்த இடத்துக்கே இறங்குகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும் சர்வ், தரையில் பட்டு எதிர்ப்பக்கக் கோட்டைத் தொட அரை நொடிக்குச் சற்றே அதிகமான நேரந்தான் எடுக்கிறது. அந்தச் சர்வை நான்கு முறையில் மூன்று முறை நினைத்த இடத்தில் போட முடிந்தால் எதிராளிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. உள்ளரங்கு டென்னிஸில் ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) அதிகம், டைபிரேக் (6-6 என்று சமமான செட்டை முடித்துவைக்கும் ஆட்டம்) அதிகம் என்ற பொதுவான எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் கூரை சர்வ் அடிப்பவருக்கு மட்டுமே உதவுகிறது என்பது பாதி உண்மைதான். சர்வைத் திருப்பி அடிப்பவருக்கும் அதே உதவி கிடைக்கிறது: பந்து எங்கே எழும், எந்த உயரத்துக்கு எழும் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை. எனவே பின்னால் விலகி நின்று நேரம் வாங்காமல், கோட்டின் மேலேயே நின்று, பந்து எழும்போதே அடிக்கத் துணிபவருக்கு உள்ளரங்கு ஒரு வரம். சர்வால் அல்ல, ரிட்டர்னால் பெயர்பெற்ற நோவாக் ஜோகோவிச் பாரிஸ் போட்டியை 2009 முதல் 2023 வரை 7 முறை வென்றதை வேறு எப்படியும் விளக்க முடியாது.

இதற்கு நேரெதிர் உதாரணம் ரஃபேல் நடால். பிரெஞ்சு ஓப்பனை 14 முறை வென்றவர். அதே பாரிஸில் நடக்கும் இந்த உள்ளரங்குப் போட்டியை ஒருமுறைகூட வெல்லவில்லை. 2007-இல் இறுதியாட்டம் வரை வந்து டேவிட் நல்பாந்தியனிடம் 6-4, 6-0 என்று தோற்றார். ஆண்டு முடிவில் முதல் எட்டு வீரர்கள் மட்டும் மோதும் ஏ.டி.பி. ஃபைனல்ஸ் பட்டமும் அவருக்குக் கடைசி வரை கிட்டவில்லை. உள்ளரங்கு ஹார்ட் கோர்ட்டில் (மேற்பூச்சு பூசிய கடினத் தரையில்) அவர் வென்ற ஒரே பட்டம் 2005-இல் மாட்ரிட்டில் கிடைத்தது. நடாலின் ஆயுதம் கனத்த டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டு அடிப்பது. வெயிலில் காய்ந்த செம்மண்ணில் அது எதிராளியின் தோளுக்கு மேலே எகிறும். குளிர்காலத்து உள்ளரங்கில், தாழ்ந்து வழுக்கிச் செல்லும் தரையில், அதே பந்து இடுப்பளவுக்கு வந்து அடிக்க வாகாக நின்றுவிடுகிறது. அதோடு அவர் ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்திலும் கோடையிலும் உடலை வருத்தி ஆடிவிட்டு, முழங்கால் வலியோடுதான் நவம்பரை எட்டுவார். இரண்டு காரணங்களும் உண்மை. என் கணிப்பில் முதல் காரணமே கனமானது.

இன்றைய தலைமுறையில் யானிக் சின்னரும் கார்லோஸ் அல்கராசும் இதே வேறுபாட்டைக் காட்டுகிறார்கள். சின்னர் 2023 நவம்பரில் டூரின் நகரில் நடந்த ஏ.டி.பி. ஃபைனல்ஸ் இறுதியாட்டத்தில் ஜோகோவிச்சிடம் தோற்றபின், 2025 நவம்பரில் அதே அரங்கில் அல்கராசை 7-6, 7-5 என்று வீழ்த்திப் பட்டம் வாங்கும் வரை, உள்ளரங்கு ஹார்ட் கோர்ட்டில் யாரிடமும் தோற்கவில்லை. இடையில் வந்த 2025 பாரிஸ் போட்டியையும் ஒரு செட்கூட இழக்காமல் வென்றார். இறுதியில் ஃபெலிக்ஸ் ஓஜே-அலியாசிமை 6-4, 7-6 என்று தோற்கடித்தார். அதே பாரிஸில் அல்கராஸ் தன் முதல் ஆட்டத்திலேயே கேமரன் நோரியிடம் தோற்று வெளியேறினார். அல்கராசுக்கு உள்ளரங்கில் ஆடவே வராது என்று இதற்குப் பொருளில்லை. 2025 பிப்ரவரியில் ராட்டர்டாம் போட்டியை வென்றவர் அவர்தான். ஆனால் உயரம் மாறும் பந்துகள், வலைக்கு அருகிலேயே விழும்படி திடீரென்று போடும் டிராப் ஷாட், எதிராளியின் நிதானத்தைக் குலைக்கும் தாள மாற்றம் என்று அவருடைய ஆட்டம் பலவகைகளில் விரிவது. சின்னருடையதோ ஒரே சீரான தாளத்தில், தட்டையாக, முன்கூட்டியே அடிக்கும் ஆட்டம். எதுவும் அசையாத அறைக்குள் சீரான தாளத்துக்கே மதிப்பு கூடுகிறது.

கூரையைப் போலவே தரையும் முக்கியம். பாரிஸ் போட்டி 1986-இல் பெர்சி அரங்கில் தொடங்கியது. முதல் பட்டத்தை வென்றவர் போரிஸ் பெக்கர், பிறகு 1989-இலும் 1992-இலும் அவரே வென்றார். அப்போது தரை கார்ப்பெட். வீட்டில் விரிக்கும் கம்பளம் அல்ல, சுருட்டி எடுத்துச் சென்று விரிக்கக்கூடிய மெல்லிய செயற்கை விரிப்பு. அதில் பந்து தாழ்ந்து, சறுக்கி, மிக விரைவாக வரும். சர்வ் அடித்துவிட்டு வலைக்கு ஓடி, பந்து தரையில் படும் முன்பே வாலி அடிக்கும் பெக்கரைப் போன்றவர்களுக்காகவே செய்த தரை என்று சொல்லலாம். பாரிஸ் 2006 வரை கார்ப்பெட்டில் நடந்து, 2007 முதல் ஹார்ட் கோர்ட்டுக்கு மாறியது, 2009-இலிருந்து ஆண்கள் டென்னிஸ் சுற்றை நடத்தும் ஏ.டி.பி. அமைப்பு தன் முதன்மைச் சுற்றில் கார்ப்பெட்டையே கைவிட்டது. காயம் ஏற்படும் அச்சமும், எல்லாப் போட்டிகளிலும் ஏறக்குறைய ஒரே வகைத் தரை இருக்க வேண்டும் என்ற எண்ணமும் இதற்குப் பின்னால் இருந்தன. அந்த முடிவு ஒரு பாணியையே மெல்லக் கொன்றுவிட்டது என்று வருந்துவோர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். 1996-இல் ஹனோவரில் பீட் சாம்ப்ரஸும் பெக்கரும் ஐந்து செட் ஆடிய உலகச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தைப் போன்ற ஒன்று இனி அமைவது கடினம்.

ஹார்ட் கோர்ட்டிலும் வேகம் ஒரே அளவாக இருப்பதில்லை. மேற்பூச்சில் கலக்கும் மணலின் அளவையும் பருமனையும் மாற்றினால் தரையின் உராய்வு மாறும். உராய்வு கூடினால் பந்து பிடிபட்டு மெதுவாகும். 2024-இல், பெர்சியில் நடந்த கடைசிப் போட்டியில், தரை மிக வேகமாக இருப்பதாக வீரர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். 2025-இல் போட்டி நான்டெர் பகுதியிலுள்ள லா டிஃபான்ஸ் அரங்குக்கு மாறியபோது தரை கண்கூடாக மெதுவாகியிருந்தது. ரக்பி ஆடுவதற்காகக் கட்டப்பட்டு, 2024 ஒலிம்பிக்கில் நீச்சல் குளமாக மாற்றப்பட்ட கட்டடம் அது. அதற்குள் 17,500 பேர் அமரும் டென்னிஸ் களத்தைத் தற்காலிகமாகத்தான் அமைக்கிறார்கள். மேலே கூரை இருந்தாலும் கீழே இருக்கும் தரையைப் போட்டி நடத்துபவர் விரும்பியபடி அமைக்கலாம் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இதற்குத் தமிழர்கள் மறக்கக்கூடாத ஓர் உதாரணம், நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையின் 1987 இறுதி. அந்த ஆண்டு அரையிறுதியில் சிட்னியின் புல்தரையில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்று இந்திய அணி இறுதிக்குள் நுழைந்தது. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் மூவரும் சென்னைக்காரர்கள். பந்தை மென்மையாகத் தொட்டு இடம் பார்த்து வைக்கும் அவர்களுடைய ஆட்டத்துக்குப் புல்தரை பொருந்தியிருந்தது. இறுதியை நடத்தும் உரிமை ஸ்வீடனுக்குக் கிடைத்தது. டிசம்பர் மாதத்தில் ஸ்வீடனில் வெளியே ஆட முடியாது. எனவே கோத்தன்பர்க் நகரின் ஸ்காண்டிநேவியம் அரங்குக்குள் ஆட்டம். உள்ளரங்கு என்றதும் வேகமான தரை என்று எண்ணத் தோன்றும். ஸ்வீடன்காரர்கள் அதைச் செய்யவில்லை. பனி ஹாக்கி ஆடும் அந்த அரங்குக்குள் செம்மண்ணைக் கொட்டிப் பரப்பினார்கள், ஏனென்றால் அவர்களிடம் மாட்ஸ் விலாண்டர் இருந்தார், அவர் மண்தரையில் நாள் முழுக்கப் பந்தைத் திருப்பி அடித்துக்கொண்டே இருக்கக்கூடியவர். இந்தியா 5-0 என்று தோற்றது. விதிகளுக்கு உட்பட்ட, முழுக்க நியாயமான முடிவு அது. ஆனாலும் காற்றும் இல்லாமல், பந்து சறுக்கும் புல்லும் இல்லாமல், மெதுவான மண்ணின் மேல் ரமேஷ் கிருஷ்ணனை நிறுத்தியது அவருடைய கலையின் பாதியை ஆட்டம் தொடங்கும் முன்பே பறித்துக்கொண்டதற்குச் சமம்.

ரமேஷின் தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1937-இல் நாகர்கோவிலில், அன்றைய திருவிதாங்கூரில் பிறந்தவர். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம், 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி, 1966-இல் டேவிஸ் கோப்பை இறுதி என்று அவருடைய வாழ்க்கை விரிந்தது. உள்ளரங்கு டென்னிஸின் வரலாற்றில் அவர் நிற்கும் இடம் பலருக்குத் தெரியாது. அதைப் புரிந்துகொள்ளத் தொழில்முறை டென்னிஸ் எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1968-க்கு முன்பு விம்பிள்டன் உள்ளிட்ட பெரிய போட்டிகளில் பணம் வாங்காத அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம். பணத்துக்கு ஆடுகிறவருக்கு அந்தப் போட்டிகளின் கதவும் டேவிஸ் கோப்பையின் கதவும் மூடிவிடும். எனவே 1926 அக்டோபரில் பிரெஞ்சு வீராங்கனை சூசன் லாங்லென் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடியதில் தொடங்கி, தொழில்முறை ஆட்டம் பெரும்பாலும் குத்துச்சண்டையும் பனி ஹாக்கியும் நடக்கும் நகர அரங்குகளிலேயே வளர்ந்தது. ஜாக் கிரேமர் நடத்திய சுற்றுப்பயணங்களில், வீரர்கள் ஊர் ஊராகச் சென்று, கித்தான் துணியால் ஆன களத்தை அரங்கின் தரைமேல் இழுத்துக் கட்டி ஆடிவிட்டு, மறுநாள் அதைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். மழை வந்தால் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நிலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. கூரைதான் அவர்களுடைய பிழைப்புக்கு உத்தரவாதம்.

அந்தக் கிரேமர் 1959-இல் ராமநாதன் கிருஷ்ணனைத் தன் குழுவில் சேர்க்கப் பெரிய ஒப்பந்தம் ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். கிருஷ்ணன் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் நாகர்கோவிலில் பிறந்த ஒருவர் உள்ளரங்குத் தொழில்முறை டென்னிஸின் ஆரம்பகால முகங்களில் ஒருவராகியிருப்பார். ஆனால் அதன்பின் வந்த இரண்டு விம்பிள்டன் அரையிறுதிகளும், 1966-இல் இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதியில் ஆடிய பெருமையும் அவருக்கு இருந்திருக்காது. வேகமான சர்வ் இல்லாமல், தொடுதலின் நுட்பத்தால் மட்டுமே எதிராளியைக் கட்டிப்போட்ட அவருக்கு, கித்தான் களத்தில் இரவுக்கு இரவு வலிய கரங்களோடு மோதுவது ஒத்துவந்திருக்குமா என்பது ஐயமே. அவர் எடுத்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

1968-இல் அமெச்சூர், தொழில்முறை என்ற வேலி உடைந்ததும் அரங்குகளின் பொருளாதாரம் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. ஸ்டாக்ஹோம் போட்டி 1969-இல், பாசல் 1970-இல், ராட்டர்டாம் 1972-இல், வியன்னா 1974-இல் தொடங்கின. இவை எல்லாமே ஐரோப்பாவின் வட பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்ள நகரங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே வெளியே ஆடுவது முடியாத காரியம். எனவே ஆண்டின் நாட்காட்டியில் உள்ளரங்குக் காலம் இரண்டாகப் பிரிந்தது: ஆஸ்திரேலிய ஓப்பன் முடிந்த பிப்ரவரியில் ஒன்று, அமெரிக்க ஓப்பனும் ஆசியப் போட்டிகளும் முடிந்த அக்டோபர், நவம்பரில் மற்றொன்று. இரண்டாவது காலம் பாரிஸில் உச்சம் தொட்டு, 2021 முதல் டூரினில் நடக்கும் ஏ.டி.பி. ஃபைனல்ஸோடு முடிகிறது. பாரிஸுக்கு வரும்போது அந்த ஃபைனல்ஸின் எட்டு இடங்களில் ஒன்றிரண்டு பெரும்பாலும் நிரம்பாமல் இருக்கும்; ஆகவேதான் 56 பேர் ஆடும் இந்தப் போட்டியில், பட்டம் வெல்லும் வாய்ப்பு இல்லாதவர்கள்கூடக் காலிறுதி தரும் புள்ளிகளுக்காக உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள்.

இந்தியர்களுக்கு இந்தப் போட்டி இரட்டையர் ஆட்டத்தில்தான் பலன் தந்தது. 1998-இல் லியாண்டர் பயஸும், சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியும் பாரிஸில் பட்டம் வென்றார்கள். 2011-இல் ரோகன் போபண்ணா பாகிஸ்தானின் ஐசாம் உல்-ஹக் குரேஷியோடும், 2012-இல் பூபதியோடும் சேர்ந்து வென்றார். 2025-இல் போபண்ணா தன் கடைசித் தொழில்முறை ஆட்டத்தை ஆடியதும் இதே பாரிஸ் போட்டியில்தான். ஒற்றையரில் வெல்ல முடியாதவர்களுக்கு இரட்டையரில் மட்டும் கூரை எப்படி உதவியது? இரட்டையரில் புள்ளிகள் குறுகியவை. சர்வ், வலையருகே ஒரு பாய்ச்சல், ஒரு வாலி என்று முடிந்துவிடும். ஐந்து மணி நேரம் பின்கோட்டில் நின்று ஓடும் உடல்வலு தேவையில்லை, கையின் விரைவும் கூட்டாளியோடு உள்ள புரிதலும் போதும். காற்றில்லாத இடத்தில் அந்தக் கையின் விரைவுக்கு முழுப் பலன் கிடைக்கிறது.

குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதிலிருந்து என்ன பொருள் கொள்வது என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெற்போகங்களுக்கும் நீர் தரும் இரண்டு பருவமழைகள் பயிருக்கு நல்லவை, பயிற்சிக்கு அல்ல. நனைந்த ஹார்ட் கோர்ட்டில் ஓடினால் கால் வழுக்கும். தண்ணீரை வடித்துத் துணியால் ஒற்றி உலர்த்துவதற்குள் மாலை வெளிச்சம் போய்விடும். சென்னையில் 1997 முதல் 2017 வரை நடந்த ஆண்கள் போட்டி பிற்காலத்தில் ஜனவரி முதல் வாரத்தில் அமைந்ததால் வடகிழக்கு மழையிலிருந்து தப்பியது. பயிற்சிக்கு வரும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அப்படி மாதம் பார்த்து ஆட முடியாது. ஊரெங்கும் தகரக் கூரையின் கீழ் ஷட்டில் களங்கள் இருக்கின்றனவே, டென்னிஸுக்கு அப்படிச் செய்தால் என்ன என்று கேட்கலாம். அளவுதான் தடை. ஷட்டில் களம் 44 அடிக்கு 20 அடி, ஏறக்குறைய இரண்டு சென்ட். டென்னிஸ் களத்துக்குப் பின்னாலும் பக்கங்களிலும் ஓடுவதற்கு விட வேண்டிய இடத்தையும் சேர்த்தால் 120 அடிக்கு 60 அடி, அதாவது பதினாறரை சென்ட். அவ்வளவு அகலத்துக்கு நடுவில் தூண் இல்லாமல், வலைக்கு மேலே குறைந்தது 9 மீட்டர் உயரத்தில் கூரை நிற்க வேண்டும். 2017 நவம்பரில் வந்த ஒக்கிப் புயலைக் கண்ட மாவட்டத்தில், கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும் ஊர்களில், அப்படி ஒரு கூரை மலிவாக அமையாது.

பாரிஸில் இருப்பதைப் போல நான்கு பக்கமும் மூடிய அரங்கு நமக்குத் தேவையுமில்லை. அங்கே சுவர் குளிருக்காக. இங்கே சுவர் எழுப்பினால் உள்ளே புழுக்கம் தாங்காது, அதை வெளியேற்றும் மின்சாரச் செலவை எந்தப் பயிற்சி மையமும் தாங்காது. மழையை மட்டும் தடுக்கும், பக்கங்கள் திறந்த உயரமான கூரையே பொருத்தம். அதில் காற்று இருக்கும். அதுவும் நல்லதே, ஏனென்றால் நம் வீரர்கள் முதலில் ஆடப்போகும் உள்நாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் திறந்தவெளியில்தான் நடக்கின்றன. வெயில் கண்ணில் விழாதிருக்க டென்னிஸ் களங்களை வடக்கு-தெற்காக அமைப்பது வழக்கம் என்பதால், தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று களத்தைக் குறுக்கே வெட்டும். மேற்குப் பக்கம் மட்டும் நெருக்கமான நிழல்வலையைக் கட்டி, வேண்டும்போது சுருட்டி வைத்தால், ஒரே களத்தில் காற்றோடும் காற்றில்லாமலும் பழக முடியும். நாகர்கோவிலில் அப்படி ஒரு களம் அமைந்தால் ஜூன் முதல் டிசம்பர் வரை மழையால் வீணாகும் மாலைகள் மீளும். தொடக்கத்துக்கு ஒன்று போதும்.